மின்சாரம் தின்னும் கட்டடமும் என் அண்ணியும்

அண்ணன் அண்ணியை முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, அவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். ஒட்டடை ஏதும் கண்ணில் பட்டுவிட்டதோ என்று அம்மா பதறிப்போனார். அண்ணி பார்த்தது மின்விசிறியை. அதில் பேரிங் தேய்ந்திருக்கிறது, அதனால்தான் இந்தச் சத்தம், இப்படிச் சுற்றினால் கரண்டும் கூடுதலாக இழுக்கும், ஒரு ஸ்டூல் கிடைக்குமா என்று கேட்டார். போட்டு வந்த நல்ல உடையோடு அவர் மேலே ஏறி நிற்க, நான் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த ஆளோடு காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியமில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அண்ணி ஒரு கம்பெனியின் தலைமை அலுவலகக் கட்டடத்தைப் பராமரிக்கிறவர். நான்கு மாடி. விளக்கு, தண்ணீர், லிஃப்ட், ஏசி எல்லாமே அவர் பொறுப்பு. மின் பொறியியலில் டிப்ளமோ முடித்த கையோடு, அந்தக் கட்டடத்தின் சுவரில் பூச்சு காய்வதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்துவிட்டாராம். எந்தச் சுவருக்குள் எந்த ஒயர் ஓடுகிறது என்பது அவருக்கு மனப்பாடம். தெரிந்ததை அடக்கி வைத்துக்கொள்கிற ரகமும் இல்லை. லிஃப்டில் ஏறும் விருந்தாளி யாராக இருந்தாலும், இதற்கு மோட்டார் மாற்றியது நான்தான் என்று ஆரம்பித்துவிடுவார். அவர்கள் இறங்க வேண்டிய மாடி வந்தாலும் விடமாட்டார். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ‘மெயின் ஸ்விட்ச்’. அது தெரிந்து கோபப்படுவார் என்று பார்த்தால், பெருமைப்பட்டுக்கொண்டார்.

என் கெட்ட நேரம், அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில், கணக்குப் பிரிவில் எனக்கும் வேலை கிடைத்தது. வீட்டிலும் அவர், அலுவலகத்திலும் அவர். வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன எடுக்கலாம் என்று யோசிக்க முடியாது. அண்ணன் குளியலறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து விளக்கை அணைத்துவிடுவார். ஆள் உள்ளே இருக்கிறேன் என்று அண்ணன் கத்தினால், குளிக்கப் போன இடத்தில் என்ன பேப்பர் என்று பதில் வரும். அலுவலகத்தில் நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதற்குள் என் கம்ப்யூட்டர் திரை இருண்டு கிடக்கும். எத்தனை சண்டை போட்டிருப்பேன் தெரியுமா, தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

இப்படிப்பட்டவர் தலையில்தான் அந்த இடி விழுந்தது. இரண்டு வருடமாகக் கட்டடத்தின் மின்சாரச் செலவு ஏறிக்கொண்டே போயிருந்தது. இயக்குநர் அம்மா ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டுத் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: இந்தக் கோடை முடிவதற்குள் செலவு பழைய அளவுக்கு இறங்க வேண்டும், இறங்காவிட்டால் கட்டடத்தை விற்றுவிட்டு, ஊருக்கு வெளியே புதிதாக எழும்பியிருக்கும் கண்ணாடிக் கோபுரத்தில் இரண்டு தளம் வாடகைக்குப் பிடித்துப் போய்விடலாம். அங்கே பராமரிப்புக்குக் கோபுரக்காரர்களே ஆள் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கெல்லாம் இரண்டு பஸ் மாறுகிற அலைச்சல். அண்ணிக்கு வேலையே போய்விடும்.

வேறு யாராக இருந்தாலும் ஒரு மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தியிருப்பார்கள். அண்ணி அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சொன்னார்:

“இத்தனை வருஷமா லைட்டை அணைங்க அணைங்கன்னு நான் கத்தினேன், ஒருத்தர் கேட்டீங்களா? இப்ப பெரிய மேடமே சொல்லிட்டாங்க. நாளையிலேருந்து பாரு.”

முகத்தில் கவலையைத் தேடினேன், மருந்துக்கும் இல்லை. கல்யாண வீட்டுக்காரர் மாதிரி பரபரப்பாக இருந்தார்.

மறுநாளிலிருந்து அவர் காலில் சக்கரம் முளைத்துவிட்டது. சொட்டுகிற குழாய் ஒவ்வொன்றையும் தானே கழற்றி வாஷர் மாற்றினார். மாடிப்படியில் ஆள் வந்தால் மட்டும் எரிகிற விளக்கு போட்டார். மேற்கு ஜன்னல்களுக்கு வெயிலைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டினார். ஒட்டும்போது குமிழ் விழக்கூடாது என்று என்னையும் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, என் மதியச் சாப்பாட்டு நேரத்தை விழுங்கினார். லிஃப்டின் வாசலில், ‘ஒரு மாடிதானே, நடந்தால் என்ன’ என்று எழுதி ஒட்டினார். அதற்குக் கீழே யாரோ, ‘உங்களுக்கென்ன, கால் இருக்கிறது’ என்று எழுதினார்கள். அதையும் படித்துவிட்டுச் சிரித்தார்.

இவ்வளவு செய்தும் செலவு கொஞ்சமே கொஞ்சம்தான் இறங்கியது. கட்டடத்துக்கு வரும் மின்சாரத்தில் பெரும்பங்கை ஏசி தின்றது. அது பகல் முழுக்க ஒரு நிமிடம்கூட ஓயாமல் இரைந்தது. ஒவ்வொரு மாடியிலும் சுவரில் ஒரு சின்னத் திரை உண்டு. மாடி எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அது காட்டும். எப்போது பார்த்தாலும் இருபத்தெட்டு டிகிரிக்குக் குறையாது. மாடி சூடாக இருக்கிறது என்று ஏசி நினைத்துக்கொண்டு மேலும் மேலும் குளிரைக் கொட்டும், திரையில் எண் மட்டும் இறங்காது. நிர்வாக மேலாளர் அண்ணிக்கு நேர் மேலதிகாரி, நல்ல மனிதர், எதையும் ஆறப்போட்டுச் செய்கிறவர். மெஷினுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று அவர் கையை விரித்தார். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. மெஷினைத் திறந்து காட்டி, குழந்தை மாதிரி இருக்கிறது பாருங்கள் என்று மல்லுக்கு நின்றார்.

நாங்களோ மூன்றாம் மாடியில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தோம். வெளியே தார்ச்சாலை உருகுகிறது, உள்ளே நான் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் பக்கத்து மேசைக்காரர் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டுதான் கணக்கே எழுதுவார். அவரைக் ‘கம்பளி மாமா’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். இதை நான் வீட்டில் சொன்னால், திரையில் இருபத்தெட்டு காட்டுகிறது, உனக்கு உடம்பில் சதை இல்லை, அதான் குளிர்கிறது, இரண்டு கவளம் கூடச் சாப்பிடு என்பார் அண்ணி. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

ஆனாலும் இரக்கமில்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு வருடம் முன்பு ஒரு மழைக்காலத்தில், குளிர்கிறது என்று எல்லாரும் புலம்பியதைக் கேட்டு, கீழே கேன்டீனில் கிடந்த டீ மெஷினைப் போல ஒவ்வொரு மாடிக்கும் ஒன்று வாங்க மேலாளரை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தவரே அவர்தான். எல்லா மாடியிலும் நட்டநடுத் தூணருகே புதிதாக ஒரு பிளக் பாயின்ட் இழுத்து, தன் கையாலேயே மெஷினைப் பொருத்தினார். அன்றிலிருந்து அந்தத் தூண்தான் எங்களுக்குச் சொர்க்கம். கை விறைத்தால் எழுந்து போய் ஒரு டீ பிடித்து, இரண்டு கையாலும் கப்பைப் பொத்திக்கொண்டு நிற்போம். கம்பளி மாமா ஒரு நாளைக்கு எத்தனை குடிப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. ஊர்க் கதை, உறவுக் கதை எல்லாம் அங்கேதான். மகராசி நல்லா இருக்கணும் என்று அண்ணியை வாழ்த்தாத வாய் இல்லை.

கோடை பாதி கடந்தபோது, இயக்குநர் அம்மா ஓர் ஆய்வுப் பொறியாளரை வரவழைத்தார். கட்டடங்கள் எங்கே மின்சாரத்தை வீணாக்குகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில். அண்ணி அவரிடம் சண்டைக்கு நிற்பார் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பொறியாளரோ தன் பையிலிருந்து துப்பாக்கி மாதிரி ஒன்றை எடுத்தார். ஒரு பொருளைப் பார்த்து அழுத்தினால் சிவப்புப் புள்ளி விழும், அது எவ்வளவு சூடு என்று பின்பக்கம் எண் வரும். அண்ணிக்கு வாயெல்லாம் பல். அந்த மனிதரும் தங்கமானவர், வேலை முடிகிறவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று கையில் கொடுத்துவிட்டார்.

அவ்வளவுதான், வீட்டில் எதுவும் தப்பவில்லை. குக்கர், இஸ்திரிப் பெட்டி, தூங்குகிற அண்ணனின் நெற்றி எல்லாவற்றிலும் சிவப்புப் புள்ளி விழுந்தது. சாப்பாட்டுத் தட்டைச் சுட்டு, ஆறிப்போச்சு என்று அறிவித்தார். யாராவது இந்தப் பொம்மையைப் பிடுங்குங்களேன் என்று அண்ணன் கெஞ்சினார். எனக்கும் எரிச்சல்தான், ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் திட்ட மனசு வரவில்லை.

மறுநாள் காலை துப்பாக்கியோடு எங்கள் மாடிக்கு வந்துவிட்டார். கூடவே பொறியாளரும். முதலில் என் மூக்கைக் குறிபார்த்தார். எண்ணைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் விரல்களைச் சுட்டார், மேசையைச் சுட்டார், கம்பளி மாமாவின் காதைச் சுட்டார்.

“அடியே, நிஜமாவே குளிருதுடி உனக்கு.”

இதைத்தானே இத்தனை நாளாகச் சொல்கிறேன் என்று வள்ளென்று விழுந்தேன். அவர் காதில் வாங்கவில்லை. மேசை இவ்வளவு குளிராக இருக்கும்போது திரை ஏன் இருபத்தெட்டு காட்டுகிறது என்று பொறியாளரைக் கேட்டார். அவர் பதிலுக்கு, திரைக்குச் சூட்டைச் சொல்கிற சென்சார் எங்கே இருக்கிறது என்று கேட்டார். உள்ளங்கை அகலம்கூட இல்லாத வெள்ளைப் பெட்டி அது. நடுத் தூணில் தலைக்கு மேலே இருக்கிறது என்று அண்ணி கையை நீட்டினார்.

நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கம்பளி மாமா தூணருகே போய் டீ பிடிக்க ஆரம்பித்திருந்தார். மெஷினிலிருந்து ஆவி குபுகுபுவென்று தூணை ஒட்டி மேலே ஏறியது. அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சென்சாரின் மேல் சிவப்புப் புள்ளியை வைத்தார். இன்னொரு டீ பிடிங்க மாமா என்றார். மாமா பிடித்தார். எண் ஏறியது. இன்னொன்று என்றார். இன்னும் ஏறியது. என்ன ஏது என்று தெரியாமலே மொத்தக் கணக்குப் பிரிவும் தூணைச் சுற்றிக் கூடிவிட்டது. நானும் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றேன்.

ஸ்டூலில் நின்றபடியே அண்ணி எங்களுக்கு விளக்கினார். டீ மெஷினின் ஆவி சென்சாரைச் சுடுகிறது. மாடியே கொதிக்கிறது என்று சென்சார் ஏசியிடம் சொல்கிறது. ஏசி குளிரைக் கொட்டுகிறது. நாங்கள் குளிர் தாங்காமல் டீ குடிக்க வருகிறோம். டீ பிடிக்கப் பிடிக்க ஆவி வருகிறது. ஆக, நாங்கள் டீ குடித்துக் குடித்தே எங்களை நாங்களே விறைக்க வைத்துக்கொண்டிருக்கிறோம். அதுவும் இரண்டு வருடமாக, நான்கு மாடியிலும். சொல்லி முடித்ததும் பொறியாளர் கைதட்டினார், அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். கம்பளி மாமா மட்டும் கையில் இருந்த கப்பைக் குடிப்பதா வேண்டாமா என்று விழித்தார்.

அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் மாடி மெஷினை அவரே கட்டிப் பிடித்து இழுத்து, பின்பக்க ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தார். முதலில் ஒரு மாடியில் செய்து பார்த்துவிட்டு மற்ற மாடிகளுக்குப் போகலாம் என்று பொறியாளர் சொல்லியிருந்தார். மதியம் போல எனக்கு ஏதோ வித்தியாசமாக இருந்தது. யோசித்துப் பார்த்தேன், ஏசி இரையவில்லை. அது தானாகவே நின்று ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு அமைதியை நாங்கள் அந்த அறையில் கேட்டதே இல்லை. கம்பளி மாமா குல்லாயைக் கழற்றினார். தலையில் அவ்வளவு முடி இருக்கும் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் எங்கள் மாடியின் மின்சாரச் செலவு பழைய அளவுக்கும் கீழே இறங்கிவிட்டது. எனக்கு ஆனந்தத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் மேலாளர் அண்ணியையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டார். அவர் முகம் சரியில்லை.

“டீ மெஷின் கதையை மேடம்கிட்ட எதுக்குங்க சொல்லணும்? அதை அங்க வெச்சது யாருன்னு அடுத்த கேள்வி வரும். சென்சாரைச் சரி பண்ணினோம்னு நான் சொல்லிக்கறேன். நீங்க பேசாம இருங்க.”

அதுவரை சந்தோஷத்தில் எனக்கு இது உறைக்கவே இல்லை. கண்டுபிடித்தவரும் அண்ணி, காரணமும் அண்ணி. இரண்டு வருடம் கம்பெனியின் மின்சாரத்தைத் தண்ணீராய் ஓட விட்டது நீதானா என்று இயக்குநர் அம்மா கேட்டால், என்ன பதில் சொல்ல முடியும்? அன்றைக்கே சீட்டைக் கிழித்து அனுப்பலாம். மேலாளர் சொன்னபடி கேளுங்கள் அண்ணி, உங்களுக்குக் கோடிப் புண்ணியம், வாயைத் திறக்காதீர்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அண்ணி சரி சரி என்று தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை.

முடிவெடுக்கும் கூட்டம் வந்தது. மின் கட்டணக் கணக்கைக் காட்ட என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். மேலாளர் எழுந்து, மூன்றாம் மாடியில் சென்சாரைச் சரிசெய்துவிட்டோம், செலவு இறங்கியிருக்கிறது, மற்ற மாடிகளிலும் செய்துவிடுவோம் என்றார். இயக்குநர் அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, இது பழைய கட்டடம், இன்றைக்கு சென்சார் கெட்டுப்போகும், நாளைக்கு இன்னொன்று கெட்டுப்போகும், இப்படி ஒவ்வொன்றாக ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்றார். கோபுரத்துக்கான ஒப்பந்தத்தைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அண்ணி எழுந்துவிட்டார். நான் மேசைக்கு அடியில் அவர் உடையைப் பிடித்து இழுத்தேன். என் கையைத் தட்டிவிட்டார்.

“மேடம், சென்சார் கெட்டுப்போகலை. இந்தக் கட்டடத்துல ஒண்ணுமே கெட்டுப்போகலை. நாலு மாடியிலயும் சென்சாருக்கு அடியில டீ மெஷினை வெச்சது நான். தப்பு என்னோடது.”

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணியோ ஆவி எப்படி ஏறுகிறது, எண் எப்படி ஏறுகிறது, ஏசி எப்படி ஏமாறுகிறது என்று கையை மேலும் கீழும் ஆட்டி மூச்சுவிடாமல் விவரித்துக்கொண்டிருந்தார். தான் மாட்டிக்கொள்கிறோம் என்ற நினைப்பே இல்லை. கண் பளபளத்தது, குரல் உச்சத்துக்குப் போய்விட்டது.

இயக்குநர் அம்மா குறுக்கிட்டார். “அப்ப ரெண்டு வருஷமா நம்ம கரண்ட்டை வீணாக்கினது நீங்க.”

“ஆமா மேடம். அதனாலதான் சொல்றேன். கட்டடத்துக்கு வயசாயிடுச்சுன்னா அதை ஒண்ணும் பண்ண முடியாது. இது நான் பண்ணின முட்டாள்தனம், டீ மெஷினை எடுத்து அந்தப் பக்கம் வெச்சா சரியாயிடும். என் தப்புக்காகக் கட்டடத்தை விக்காதீங்க.”

இயக்குநர் அம்மா பொறியாளரைப் பார்த்தார். அவர், அண்ணி சொல்வது சரி, ஏசி மெஷினில் ஒரு குறையும் இல்லை, இன்னும் பல வருடம் ஓடும் என்றார். இயக்குநர் அம்மா பேனாவை மூடினார். ஒப்பந்தத்தை மேலாளர் பக்கம் தள்ளிவிட்டு, கட்டடம் இருக்கட்டும் என்றார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டம் கலைந்தது.

அண்ணி வெளியே வந்த வேகத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாடியாக, படியில் இறங்கி ஓடிக்கொண்டே, கட்டடம் இருக்கு, கட்டடம் இருக்கு என்று கதவைத் திறந்து திறந்து சொன்னார். உள்ளேயிருந்து ஆரவாரம் கிளம்பியது. கம்பளி மாமா நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். நான் மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடி, கீழ்த்தளத்தில் அவரைப் பிடித்து நிறுத்தினேன். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

“கட்டடம் இருக்கு, சரி. உங்களை என்ன பண்ணப் போறாங்களாம்?”

அண்ணி என்னை ஒருமாதிரி பார்த்தார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அட, அதைக் கேக்கவே இல்லையே.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அங்கேயே நாலு சாத்துச் சாத்தியிருப்பேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்ப நான்கு மாடி ஏறினேன். பதற்றத்தில் லிஃப்ட் ஞாபகமே வரவில்லை. இயக்குநர் அம்மாவின் அறைக்கதவை நான்தான் தட்டினேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அண்ணி வாசலிலேயே நின்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, மேடம், நான் இருக்கேனா என்று கேட்டார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை.

இயக்குநர் அம்மா தலையைத் தூக்கவில்லை.

“மத்த மூணு மாடி டீ மெஷினையும் எடுத்தாச்சா?”

“இன்னும் இல்ல மேடம்.”

“அப்புறம், அதை யாரு எடுக்கறதாம்?”

அண்ணிக்குப் புரிவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது, நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். திரும்பிப் பார்க்கிறேன், ஆளைக் காணோம். இரண்டாம் மாடியிலிருந்து, கொஞ்சம் தள்ளுங்க, வழி விடுங்க, சுடுதண்ணி, சுடுதண்ணி என்று அவர் குரல் மேலே வரைக்கும் கேட்டது.